குட்டியானையில் ஏறிப்போன மயில்

உங்கள் கணினியில், எது போனாலும் இது மட்டும் போகக் கூடாது என்று ஒன்று வைத்திருப்பீர்களே, அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

யோசிக்கவே வேண்டாம். டி டிரைவில்தான். நம் பக்கம் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் வைத்திருக்கிறோம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் நினைவிருக்காது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்த யாரோ ஒருவர் சொல்லியிருப்பார்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் அந்த யாரோ ஒருவர், ரங்கராசு.

இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான். சி டிரைவை மொத்தமாக வழித்துவிட்டுப் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றுவார். கையைத் துடைத்துக்கொண்டே அந்த வீட்டுக்காரரிடம் சொல்வார்: "இனி எதையும் சி-யில வெக்காதீங்க. டி-யில வைங்க. சி எத்தனை தடவை செத்தாலும் டி சாகாது."

பிறகு ஊரே போனில் எல்லா வேலையையும் பார்க்க ஆரம்பித்தது. கடையில் ஓட்டுவதற்குக்கூட ஈ வரவில்லை. ஐம்பத்திரண்டாவது வயதில் ஷட்டரை இறக்கிவிட்டு, பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன ஆபீசின் கதவைத் தட்டினார்.

"எனக்கு புரோகிராம் எழுதச் சொல்லிக் குடுப்பீங்களா அம்மணி?"

கதவைத் திறந்த சிந்துஜாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பேறுகால விடுப்பில் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மறு கையால் ஒரு மென்பொருள் எழுதியவள். அதற்கு ஊசிமுனை என்று பெயர். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் வைத்திருக்கும் தையல்காரர்கள் நூற்று நாற்பது பேர் அதை வாங்கியிருந்தார்கள்.

"உள்ள வாங்கண்ணா," என்றாள்.

அதுவரை ஊரில் எல்லாப் பெண்பிள்ளைகளையும் 'வா அம்மணி, போ அம்மணி' என்று கூப்பிட்ட ரங்கராசு, அவளை மட்டும் 'வாங்க, போங்க' என்றார். அவளும் ஒரு மாசம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள். கீழே பேக்கரிக்காரர் அதையும் விடவில்லை. "சீடரே, குருவுக்கு டீயில சக்கரை கம்மியா?" என்பார். "ஆமாங்க, சீடனுக்குத் தூக்கலா," என்று இவரும் சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கிப்போவார்.

இப்படி ரெண்டு வருஷம் ஓடியது.

ஊசிமுனையில் ஒரு வசதி உண்டு. அதில் இருக்கும் தையல்கள் போதாது என்றால், அவரவர் தனக்கென்று ஒரு தையலைச் செய்து அதோடு சேர்த்துக்கொள்ளலாம். பிளக்இன் என்பார்கள். அந்தப் பிளக்இன்கள் எல்லாம் மென்பொருளின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே கிடந்தன. அதில்தான் தொல்லை. ஊசிமுனையின் புதுப் பதிப்பை ஏற்றும்போதெல்லாம் அது பழைய ஃபோல்டரைக் கூட்டிப் பெருக்கிவிடும். தையல்காரர்கள் சேர்த்ததும் அந்தக் குப்பையோடு போய்விடும்.

ரங்கராசு ஒரு நாள் கேட்டார்.

"அம்மணி, ஒரு சந்தேகமுங்க. அவங்கவங்க சேர்த்துக்கற பிளக்இன்னை எங்கதான் வெக்கறது?"

சிந்துஜா மகளின் காதுகுத்து அழைப்பிதழில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அது யாரு வீடுங்கண்ணா?"

"எதுங்க?"

"நீங்க சாமான் வெக்கப் போறீங்களே, அது."

ரங்கராசு காத்திருந்தார். அவள் அடுத்த அழைப்பிதழை எடுத்து அடுத்த பெயரை எழுதினாள். பாவம், காதுகுத்து வேலையில் புத்தி அங்கே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

அவள் ஒரு வாரம் லீவில் போனாள். ரங்கராசு தனியாக உட்கார்ந்து யோசித்தார். யாரு வீடு? மென்பொருள் நம்மது. பிளக்இன் ஓடுவதும் நம்மதுக்குள்ளேதான். அப்புறம் வீடும் நம்மதுதானே? நம் வீட்டில் பத்திரமான அறை எது என்று இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே சொன்னவருக்கு யாரைக் கேட்க வேண்டும்? புதுப் பதிப்பில் ஒரே ஒரு வரி எழுதினார். எல்லாருடைய பிளக்இன்களும் டி டிரைவுக்குக் குடிபோயின. அங்கே ஒரு ஃபோல்டர். அதற்கு 'தொடாதே' என்று பெயரும் வைத்தார்.

நாலு பேர் போன் செய்து, "எங்க லேப்டாப்புல டி-யே இல்லீங்களே," என்றார்கள். இப்போது வரும் லேப்டாப்புகளில் பலதில் சி மட்டும்தான். ரங்கராசு சலிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் போனிலேயே சொல்லிக்கொடுத்து, சி-யை ரெண்டாகப் பிரித்து ஒரு டி உண்டாக்க வைத்தார்.

கவுந்தப்பாடித் தையல்காரி அம்சவேணி அப்படிப் புகார் சொல்லவில்லை. அவள் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. புதுப் பதிப்பு வந்த அன்றைக்கு ஒன்றே ஒன்று போனில் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, என்ற மயிலுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

மயில் என்றால் அவள் செய்த பிளக்இன். மயில் கழுத்தில் பச்சையும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று கரையுமே, அதை நூலில் கொண்டுவரும் தையல். பகலெல்லாம் பாவாடை, ஜாக்கெட் தைத்துவிட்டு, ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் உட்கார்ந்து மூணு மாசத்தில் செய்தது.

"ஒருக்காலும் ஆகாதும்மா. நான் பொறுப்பு," என்றார் ரங்கராசு.

பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு அம்சவேணி போன் செய்தாள். குரல் சத்தமாக இல்லை.

"மயிலைக் காணமுங்ண்ணா."

"காணம்னா?"

"கல்யாண ஜாக்கெட்டுக்கு நேத்து ஒரு கை முடிச்சேன். இன்னொரு கை போடலாம்னு இப்பத் தொறந்தா, அப்படி ஒரு தையலே இல்லீங்குது. நாளைக்குக் காலையில முகூர்த்தம். பொழுதோட அஞ்சு மணிக்குப் பொண்ணோட அம்மா ஜாக்கெட்டு வாங்க வர்றாங்க. ஒரு கையில மயிலும் ஒரு கையில வெறும் பட்டுமா ஒரு பொண்ணு மணவறையில உக்காருவாளுங்களா?"

ரங்கராசு போனை வைத்துவிட்டுத் திரும்பி, "அம்சவேணியோட மயிலைக் காணமாமுங்க," என்றார். சிந்துஜா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணா வெச்சீங்க?"

"டி-யில, அம்மணி."

அவள் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அவள் பேனாவை மூடி வைத்தாள். அவ்வளவுதான்.

"இங்கிருந்தே ரிமோட்டுல பாத்தர்றனுங்க," என்றார்.

"வேண்டாங்கண்ணா. நேர்ல போங்க."

"நேரமாயிருமே."

"இருபது நிமிஷம். போய்ட்டு வந்து, உள்ள நுழைஞ்சதுல இருந்து நீங்க என்ன பேசினீங்கன்னு ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லோணும்."

"அது எதுக்குங்க?"

"ஹெல்மெட் போட்டுக்கங்கண்ணா."

அம்சவேணி வீட்டின் முன் அறைதான் தையல் கடை. வாசலில் தென்னை. ரங்கராசு வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வண்டியை எங்கம்மா நிறுத்தட்டும்?"

"மரத்தடியில வேண்டாங்ண்ணா, மட்டை விழும். இந்தச் செவுத்தோரமா விடுங்க."

படியருகே வந்து குனிந்தார். "செருப்பை இங்க கழட்டட்டுங்களா?"

"கழட்டாதீங்க. ஒடைஞ்ச ஊசி கெடக்கும். செருப்போடவே வாங்க."

யார் வீட்டுக்குள்ளும் செருப்போடு நுழைந்து பழக்கமில்லாத ரங்கராசு, நுனிக்காலில் நடந்து உள்ளே போனார். தோளில் லேப்டாப் பை.

"பையை எங்க வெக்கட்டும்? இந்த மேசையில?"

"ஐயோ, அதுல பட்டு இருக்குதுங்க. அந்த ஆணியில மாட்டுங்க."

மாட்டினார். உட்கார்ந்தார். பார்த்தார். லேப்டாப்பில் சி இருந்தது. டி இல்லை. பிரிக்கப்படவே இல்லை. இருந்ததற்கான தடம்கூட இல்லை.

"டி டிரைவ் எங்கம்மா போச்சு?"

"அப்படின்னாங்க?"

ரங்கராசு லேப்டாப்பைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தார். யுஎஸ்பி ஓட்டை காலியாக இருந்தது. சுற்றிலும் தூசி படிந்திருந்தது. ஓட்டை மட்டும் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

"இதுல ஏதாச்சும் சொருகியிருந்தீங்களா?"

"பாட்டு பென்டிரைவுங்க. தைக்கறப்பக் கேப்பேன். எந்நேரமும் அதுலயேதான் கெடக்கும். நேத்துத்தான் இவரு வண்டிக்கு வேணும்னு புடுங்கிட்டுப் போனாரு."

ரங்கராசு நெற்றியில் கை வைத்தார். டி என்ற பெயர் எந்த அறைக்கும் சொந்தமில்லை. இரண்டாவதாக எது வந்து உட்கார்ந்தாலும் அதற்கு அந்தப் பெயர் கிடைத்துவிடும். இந்த வீட்டில் அது பென்டிரைவுக்குக் கிடைத்திருந்தது.

"அம்மா, மயிலும் அதுலதான் போயிருக்குது."

அம்சவேணிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "என்ற மயிலு வெல்ல லோடோட போகுதுங்களா?"

அவள் வீட்டுக்காரர் குழந்தைவேலு. வெல்லம் ஏற்றும் 'குட்டியானை' மினி லாரி ஓட்டுபவர். போன் போட்டார்கள். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அவர் பேசினார்.

"சித்தோட்டுல நிக்கறேன். என்ன அவசரம்?"

ரங்கராசு போனை வாங்கினார். "தம்பி, அந்தப் பென்டிரைவுல 'தொடாதே'ன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க."

"அது இன்னும் இருக்குதுங்களா?"

அம்சவேணி முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"நேத்துப் புதுப் பாட்டு ஏத்தறப்ப எடம் பத்தலீங்க. அதை அழிச்சரலாம்னு கையை வெச்சேன். பேரைப் படிச்சதும் சரி, யாரோ பயந்து வெச்சிருக்கறாங்க, நமக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். ரெண்டு பழைய பாட்டை அழிச்சுட்டேன்."

"அந்தப் பாட்டை நான் ஏத்திக் குடுக்கறேன் தம்பி. வண்டியை எடுத்தராதீங்க. வந்துட்டே இருக்கேன்."

அவர் சித்தோடு போய்ச் சேர்ந்தபோது குழந்தைவேலு பென்டிரைவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கூடவே ஒரு பொட்டலம் நாட்டுச்சர்க்கரையும் நீட்டினார். "மயில் புடிக்க வந்தவரை வெறுங்கையோட அனுப்பினா ஊட்டுல திட்டுவாங்க," என்றார்.

ஒன்றேகாலுக்கு மயில் வீடு திரும்பியது. மூணே முக்காலுக்கு மிஷின் கடைசி நூலை வெட்டியது. அம்சவேணி ரெண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எது நேற்றுப் போட்டது, எது இன்று போட்டது என்று ரங்கராசுவுக்குத் தெரியவில்லை.

"அம்மா, அந்த எடத்துல வெச்சது நான்தான்," என்றார்.

"தெரியுமுங்ண்ணா. நீங்க பொறுப்புன்னு சொன்னதும் நீங்கதான். மத்தியானம் பசியோட அலைஞ்சதும் நீங்கதான். சோறு ஆறிக் கெடக்குது, சாப்புட்டுட்டுப் போங்க."

பொழுது சாய ஆபீஸ் வந்தார். சிந்துஜா கிளம்பாமல் இருந்தாள். மகள் மேசைக்கடியில் உட்கார்ந்து காகிதத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். காதில் புதுத் தோடு.

"கெடச்சுதுங்க," என்றார். "ரெண்டு கையிலயும் மயிலு."

அவள் முகம் விரிந்தது. பின்பு நாற்காலியைக் காட்டினாள். "சொல்லுங்கண்ணா."

"உள்ள போனனா. லேப்டாப்பைத் தொறந்து பாத்தா டி-யைக் காணம்..."

"அதுக்கு முன்னால."

"முன்னால என்னங்க? உக்காந்தேன்."

"அதுக்கு முன்னால. ஒரு வார்த்தை விடாமன்னு சொன்னேனே."

ரங்கராசு யோசித்தார். "வண்டியை எங்கம்மா நிறுத்தட்டும்னேன். மரத்தடியில வேண்டாம், செவுத்தோரமா விடுங்கன்னாங்க."

"எங்க ஊட்டு வாசல்லயும் தென்னை இருக்குது. நீங்க மரத்தடியிலதானே நிறுத்துவீங்க?"

"உங்க ஊட்டுல நிறுத்துவேன். அவங்க ஊட்டு மரத்துல மட்டை காஞ்சு தொங்குதுங்களே."

"அப்புறம்?"

"செருப்பை இங்க கழட்டட்டுங்களான்னேன். கழட்டாதீங்க, உள்ள ஊசி கெடக்குதுன்னாங்க." சிரித்தார். "வாழ்நாள்ல மொதத் தடவை இன்னொருத்தர் ஊட்டுக்குள்ள செருப்போட போனேன் அம்மணி."

"கேக்காம உங்க பழக்கத்துக்குக் கழட்டியிருந்தா?"

"குத்தியிருக்கும்."

"அப்புறம்?"

"பையை எங்க வெக்க..."

ரங்கராசு நிறுத்தினார்.

மேசைக்கடியில் கலர் பென்சில் உருண்டது. குழந்தை அதை எட்டிப் பிடித்தது.

"என்ன கேட்டீங்கண்ணா?" என்றாள் சிந்துஜா, மெதுவாக.

"பையை எங்க வெக்கட்டும்னு கேட்டேன்."

"அது ஏன் கேட்டீங்க? மேசை இருந்துதில்ல?"

"அவங்க ஊடுங்களே, அம்மணி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. காதுகுத்து அழைப்பிதழும், நிமிராத தலையும், அவள் அன்றைக்குக் கேட்ட கேள்வியும் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. குழந்தைவேலு கொடுத்த நாட்டுச்சர்க்கரைப் பொட்டலம் இன்னும் மடியிலேயே இருந்தது.

"கம்ப்யூட்டரையும் அப்படிக் கேக்க முடியுங்களா?" என்றார் கடைசியில்.

"முடியும்ண்ணா. இந்த ஊட்டுக்காரங்க சாமானை எங்க வெக்கறதுன்னு புரோகிராம்ல ஒரு வரியில கேட்டா, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதோட எடத்தைச் சொல்லும். ஊட்டுக்கு ஊடு பதில் வேற. கேள்வி ஒண்ணுதான்."

"இது எப்பருந்து இருக்குது?"

"நீங்க கடை தொறக்கறதுக்கு முன்னால இருந்து."

"இருபத்திரண்டு வருஷம். எத்தனை ஆயிரம் ஊடு. ஒரு தடவை கேக்கலியே நான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடி மறுபடி மங்கியது.

சிந்துஜா எழுந்து வந்து பொட்டலத்தை அவர் மடியிலிருந்து எடுத்தாள். பிரித்து ஒரு சிட்டிகை மகள் வாயில் போட்டாள். ஒரு சிட்டிகையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தின்னுங்கண்ணா. காலையில இருந்து ஓடியிருக்கீங்க."

தின்றார். பிறகு நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஒற்றை வரியைத் தேடிப் பிடித்து அழித்தார். அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, கேள்வியை எழுதினார். ரெண்டு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். ரெண்டும் ரெண்டு பதில் சொல்லின. ஒவ்வொன்றுக்கும் சின்னப் பையன் மாதிரித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆச்சுங்க அம்மணி," என்று நிமிர்ந்தார். உற்சாகம் திரும்பியிருந்தது. "இப்பவே அனுப்பியர்றேன். நூத்தி நாப்பது பேரு மயிலு, மாங்கா, கோபுரம், அத்தனையையும் டி-யில இருந்து தூக்கி சரியான எடத்துல வெச்சர்றேன். காலையில எந்திரிச்சா எல்லாம் ஒழுங்கா இருக்கும். ஒருத்தருக்கும் தெரியக்கூடத் தெரியாது."

விரல் பொத்தானுக்குப் போனது.

சிந்துஜா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். விளக்கை அணைக்கப் போன கையை அப்படியே சுவிட்சில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்குக் காலையில ஒவ்வொருத்தருக்கா போன் போடுங்கண்ணா. எடம் மாத்தறோம்னு சொல்லாதீங்க. மாத்தட்டுங்களான்னு கேளுங்க."